முதலில் தாடி, பிறகு மீசை

அப்பாவின் கண்ணாடிச் சீட்டுகள் மொத்தம் ஏழு. அவர் போன பிறகு பீரோவைக் காலி செய்தபோது, மஞ்சள் தடவிய மூலை காய்ந்து உதிர்ந்த ஒரு கல்யாணப் பத்திரிகை உறைக்குள் கிடைத்தன. யார் வீட்டுக் கல்யாணம் என்று திருப்பிப் பார்த்தேன். என்னுடையதுதான். முதல் சீட்டு 1993, கடைசிச் சீட்டு 2012. எல்லாவற்றிலும் வலது கண் வரிசையில் சிலிண்டர் என்ற கட்டத்துக்குள் ஓர் எண், அதை அடுத்து ஆக்ஸிஸ் என்ற கட்டத்துக்குள் ஓர் எண். முதல் சீட்டில் ஆக்ஸிஸ் 180. மற்ற ஆறிலும் 90. இரண்டாவது சீட்டிலிருந்து சிலிண்டர் எண் மட்டும் முக்கால், ஒன்றேகால், ஒன்றரை என்று கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போயிருந்தது.

இந்தச் சீட்டுகள் வருவதற்கு முன்பே விஷயத்தை அப்பா கண்டுபிடித்துவிடுவார். அதற்கு அவரிடம் ஒரு கருவி இருந்தது. வீட்டு ரேழிச் சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டிய, இரண்டு விரல் அகலத் தாள் துண்டு. அதில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் மயிரிழைக் கோட்டில் ஒரு கூட்டல் குறி.

அச்சுத் தொழில் தெரிந்தவர்களுக்கு அது என்னவென்று சொல்ல வேண்டாம். ரிஜிஸ்டர் மார்க். அப்பா சிவகாசியில் காலண்டர் அடிக்கும் ஆப்செட் பிரஸ் ஒன்றில் செக்கர். விருதுநகரிலிருந்து ஆமத்தூர், திருத்தங்கல் வழியாகத் தினமும் பஸ். அந்தக் காலத்தில் ஒரு கலர் மிஷின்தான். மஞ்சள், மெஜந்தா, சயான், கறுப்பு என்று ஒரே தாள் நாலு தடவை மிஷினுக்குள் போய் வர வேண்டும். நாலு தடவையும் நாலு கூட்டல் குறி ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தால் படம் சரி. ஒரு நூல் தப்பினால் முருகன் வேலுக்கு இரண்டு நுனி முளைக்கும், லட்சுமியின் உதட்டுச் சாயம் கன்னத்துக்கு வரும். சிவகாசியில் பட்டாசும் தீப்பெட்டியும் அச்சும் ஒன்றாக வளர்ந்ததற்கு வறண்ட காற்றுதான் காரணம் என்பார்கள். ஆனால் ஐப்பசி மழை வந்துவிட்டால் அங்கேயும் பேப்பர் ஊறி விரியும். அப்போது அப்பா வீட்டுக்கு வரும் முகமே வேறாக இருக்கும். "இன்னைக்கு முழுக்க ரிஜிஸ்டர் அவுட்டுய்யா" என்பார். ஆடிப்பெருக்கு அன்று புது வருஷக் காலண்டர் ஆல்பம் போட்டாக வேண்டும், தை பிறப்பதற்குள் சரக்குப் போய்ச் சேர வேண்டும். மழையைச் சொல்லித் தப்பிக்க முடியாது.

அப்படிப்பட்ட கண்ணில் 1992 வாக்கில் புரை விழுந்தது. வலது கண்ணில் முதலில். அப்பாவுக்கு அப்போது ஐம்பத்தாறு.

பார்வை மங்குவதற்கு முன்னால் நிறம்தான் அவரைக் காட்டிக்கொடுத்தது. தாளை எடுத்துப் பார்த்துவிட்டு "மஞ்சள் தூக்கலா இருக்கு, கம்மி பண்ணு" என்று மிஷின்மேனைச் சத்தம் போட்டிருக்கிறார். மிஷின்மேன் குறைத்திருக்கிறார். மறுபடியும் தூக்கல். கடைசியில் அந்த ஆள் அங்கீகாரமான புரூஃபைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்து, "அண்ணாச்சி, இதுல எது தூக்கல்னு நீங்களே சொல்லுங்க" என்றாராம். அன்றைக்குச் சாயந்திரம் அப்பா சீக்கிரமே வந்துவிட்டார். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வயதில் பழுப்பேறும்போது நீலத்தை விழுங்கிவிடும். பார்க்கிற எல்லாமே மஞ்சள் கண்ணாடித்தாள் போர்த்தியதுபோல் இருக்கும். அது அவ்வளவு மெதுவாக நடப்பதால் நமக்குத் தெரியாது. தாளில் நிறம் தப்பினால் பார்த்துச் சொல்ல அவர் இருந்தார். அவருக்குள் தப்பியதைச் சொல்லத்தான் ஆள் இல்லாமல் போயிற்று.

ஊரில் அப்போதெல்லாம் "புரை முத்தட்டும்" என்பார்கள். முத்தாத புரையை எடுத்தால் கண் போய்விடும் என்று என் அம்மாச்சி நம்பினாள். அவளுக்கு எடுத்த காலத்தில் உள்ளே லென்ஸ் வைப்பது நம் பக்கம் கிடையாது. சோடாப்புட்டிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கழுத்தை மட்டும் திருப்பித் திருப்பிக் கோழி மாதிரிப் பார்ப்பாள். அப்பாவுக்கு அந்தப் பயம் இருந்தது. "அந்த லென்ஸ் போட்டுட்டு நான் எப்படிப் புரூஃப் பாக்க?" என்று கேட்டுக்கொண்டே ஒரு வருஷம் ஓட்டினார்.

உள்ளே வைக்கிற லென்ஸின் கதையை மதுரையில் டாக்டர்தான் அவருக்குச் சொன்னார். இரண்டாம் உலகப் போரில் விமானத்தின் மேல்மூடி உடைந்து, அந்தப் பிளாஸ்டிக் சில்லு விமானிகளின் கண்ணுக்குள் போயிருக்கிறது. கண் அதைச் சும்மா விட்டுவிட்டது, புண்ணாக்கவில்லை. அதைக் கவனித்த ஹெரால்ட் ரிட்லி என்ற டாக்டர் 1949 நவம்பரில் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அதே பிளாஸ்டிக்கில் லென்ஸ் செய்து ஒரு கண்ணுக்குள் வைத்தார். நம் பக்கம் அது பரவலாக வருவதற்கு நாற்பது வருஷம் ஆனது. வெளிநாட்டு லென்ஸின் விலை அப்படி. எட்டயபுரத்துக்குப் பக்கத்து வடமலாபுரத்துக்காரரான டாக்டர் கோ. வெங்கடசாமி, வாத நோயில் விரல்கள் கோணிப்போன நிலையிலும் ஆயிரக்கணக்கில் புரை எடுத்தவர். அரசு வேலையில் ஓய்வு பெற்று 1976இல் மதுரையில் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அந்த அமைப்பே 1992இல் ஆரோலேப் என்று ஆரம்பித்து லென்ஸை இங்கேயே செய்யத் தொடங்கிய பிறகு விலை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குக்கு இறங்கியது. கரிசல் காட்டிலிருந்து போன ஒருவரால் இது நடந்தது என்பதில் எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இன்றைக்கும் கொஞ்சம் கர்வம் உண்டு. அப்பா கதையைக் கேட்டுவிட்டு, "ஏரோப்ளேன் கண்ணாடிதானே, வைங்க" என்றார்.

1993 மாசியில் மதுரையில் ஒரு மருத்துவமனையில் ஆபரேஷன். வார்டில் ஊர் சிவகாசிப் பக்கம் என்று சொன்னதும் நர்ஸ் கேட்ட முதல் கேள்வி, "வெடி எதுவும் பட்டுச்சா?" பக்கத்துப் படுக்கையில் இருந்த பையனுக்கு அப்படித்தான். புஸ்வாணம் அணைந்துவிட்டது என்று குனிந்து பார்த்திருக்கிறான். பதினாறு வயதில் புரை.

அப்போதைய ஆபரேஷனை இப்போதையதோடு ஒப்பிடவே முடியாது. கருவிழி என்று நாம் சொல்லுகிற அந்தக் கண்ணாடி மூடியின் குறுக்களவு 12 மில்லிமீட்டருக்கு உள்ளேதான். அதன் மேல் விளிம்பில், கடிகாரத்தில் 12 மணி இருக்கும் இடத்தில், 10 அல்லது 11 மில்லிமீட்டர் நீளத்துக்கு வெட்டுவார்கள். சுற்றளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. புரையை முழுசாக வெளியே தள்ளி, லென்ஸை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய நைலான் நூலால் தைத்து மூடுவார்கள்.

அந்தத் தையல்தான் கதை. விருதுநகர்க்காரனுக்கு வத்தல் மூட்டையை வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். கோணி ஊசியால் மூட்டை வாயை இழுத்துத் தைத்தால் வாய்ப்பக்கம் சுருங்கி, நடுவயிறு எம்பும். தையல் தளர்ந்தால் எம்பியது தட்டையாகும். கருவிழியும் அதேதான். மேலே இழுத்துத் தைத்தால் மேலிருந்து கீழாக உள்ள வளைவு கூடும். பக்கவாட்டு வளைவு அதோடு சேர்ந்து ஏறாது. பந்தாக இருக்க வேண்டியது முட்டை மாதிரி ஆகிவிடும். கண்ணின் மொத்தச் சக்தி சுமார் 60 டயாப்டர் என்றால் அதில் 43 போல இந்தக் கருவிழியுடையது. அங்கே ஒரு மயிரிழை வளைந்தாலும் பார்வையில் தெரியும். இதைத்தான் சீட்டில் சிலிண்டர் என்று எழுதுகிறார்கள். டாக்டர்கள் அஸ்டிக்மாடிசம் என்பார்கள்.

ஆபரேஷன் முடிந்து ஆறாவது வாரம் பங்குனிப் பொங்கல் வந்துவிட்டது. விருதுநகரில் அந்த நாட்களில் யாராலும் வீட்டில் இருக்க முடியாது. மாரியம்மன் கோயிலைச் சுற்றி ராட்டினமும் பொருட்காட்சியும் தெருவெல்லாம் சீரியல் விளக்குமாக இருக்கும். அப்பாவைக் கறுப்புக் கண்ணாடியோடு கூட்டிப் போனேன். கோயில் முக்கில் நின்று கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இடது கண்ணைப் பொத்திக்கொண்டு விளக்குகளைப் பார்த்தார். ரொம்ப நேரம் பேசவில்லை.

"ஏய்யா, ஒவ்வொரு பல்புக்கும் தாடி இருக்கு."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் பழைய தாள்களைக் கிளறி, ரிஜிஸ்டர் மார்க் இருந்த ஓரத்தை நறுக்கிச் சுவரில் ஒட்டினார். ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஒற்றைக் கண்ணால் பார்த்தார். நிற்கிற கோடு ஊசி மாதிரித் தெளிவு. படுத்த கோடு கலங்கல், மேலும் கீழும் மை ஊறினதுபோல. பக்கத்தில் பென்சிலால் எழுதினார்: "4-93. குறுக்குக் கோடு அவுட்."

மேல் கீழ் வளைவு கூடிப்போனால் ஒளிப்புள்ளி மேலும் கீழுமாக இழுபடும், அதனால் பல்புக்குத் தாடி. நிற்கிற கோடு தன் நீளத்திலேயே இழுபடுவதால் கெடாது. படுத்த கோடுதான் கெடும். இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டது பல வருஷம் கழித்து. மதுரையில் கண்ணாடி எழுதிக் கொடுத்தபோது வந்ததுதான் அந்த முதல் சீட்டு: மைனஸ் 2, ஆக்ஸிஸ் 180. பிறகு இரண்டு தையலைப் பிரித்தார்கள். மைக்ரோஸ்கோப்புக்கு முன்னால் உட்காரவைத்து, சொட்டு மருந்து விட்டு, ஊசி நுனியால் நூலைத் தட்டி எடுத்துவிட்டார்கள், ஐந்து நிமிஷ வேலை. அந்த வருஷத் தீபாவளிக்குத் தாடி போயிருந்தது. கூட்டல் குறியின் இரண்டு கோடும் தெளிவு. வேட்டி நீலம் போட்டதுபோல் வெள்ளையாகத் தெரிகிறது என்று தெருவில் எல்லோரிடமும் சொன்னார். செக்கர் வேலைக்குத் திரும்பிப் போனார். மிஷின்மேனிடம் மன்னிப்பும் கேட்டார் என்று நினைக்கிறேன். அதை அவர் சொல்லவில்லை, மிஷின்மேன்தான் சொன்னார்.

எங்கள் வரைக்கும் விஷயம் முடிந்துவிட்டது. அப்பாவுக்குத்தான் முடியவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டூலைப் போடுவார்.

1996 தீபாவளி. அம்மாவைப் பெற்ற ஊர் சிவகாசிக்குப் பக்கம். கல்யாணத்துக்கு முன்பு அவள் பட்டாசு ஆபீஸில் சரவெடி பின்னியவள். பின்னுகிறவர்கள் வீட்டில் தீபாவளிக்கு வெடி போடுவதில் பெரிய ஆசை இருக்காது. ஆனால் பெரியவர் வீடுகளில் போடுவதை மொட்டைமாடியிலிருந்து பார்ப்போம். ஒரு வாணவெடி மேலே போய்ப் பிரிந்தது. பச்சை, சிவப்பு.

"தாடி போயி மீசை வந்துருச்சு" என்றார் அப்பா.

"என்னது?"

"ஒவ்வொரு பொறிக்கும் ரெண்டு பக்கமும் மீசை. முறுக்கி விட்டாப்ல."

அம்மா, "எனக்கு எல்லாம் ஒண்ணு மாதிரித்தான் இருக்கு. கந்தக வாடை வந்தா சரி" என்றாள்.

மறுநாள் காலையில் சுவருக்குப் போனேன். பென்சில் எழுத்து வரிசையாக இருந்தது. "2-95. நிக்கிற கோடு லேசா." "11-95. நிக்கிற கோடு அவுட்." தலைகீழாகிவிட்டது. இப்போது படுத்த கோடு ஊசியாக இருந்தது, நிற்கிற கோடுதான் கலங்கல். தினசரித் தாள் காலண்டரில் 11ஆம் தேதி அவருக்கு ஒரே தடித்த 1 ஆகத் தெரிந்தது. பேப்பர் படிக்கும்போது ண எது, ன எது என்று ஒரு நொடி நின்றுதான் போவார். நிற்கிற கோடுகள் பக்கவாட்டில் ஒன்றோடொன்று கலந்தால் நம் எழுத்தில் முதலில் அடிபடுவது இந்த இரண்டும்தான். இங்கிலீஷ் எழுத்துப் பலகையை வைத்துக் கண்ணைச் சோதிக்கிறவர்களுக்கு இது தெரிய வாய்ப்பில்லை.

சீட்டு: மைனஸ் ஒன்றேகால், ஆக்ஸிஸ் 90.

அந்தச் சீட்டுக்குக் கண்ணாடி போட்ட கதையைச் சொல்ல வேண்டும். கடையின் பெயர் வேண்டாம். அப்பாவுக்கு வட்ட ஃப்ரேம்தான் பிடிக்கும். போட்டுக்கொண்டு வந்த மூன்றாம் நாள், தரை சரிகிறது என்றார். வாசல்படியில் காலைத் தூக்கி வைக்கிறார், படி அங்கே இல்லை. சித்தப்பா வந்து பார்த்துவிட்டு, "உள்ள வச்ச லென்ஸ் நகந்திருச்சுண்ணே. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு அப்படித்தான் ஆச்சு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போனார். வீடே பயந்துபோய் இருந்தது. அப்பா ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தபடியே, வலது கண் லென்ஸின் மேல் கட்டைவிரலை வைத்து மெதுவாகத் திருகினார். லென்ஸ் ஃப்ரேமுக்குள் சுழன்றது. திருகு சரியாக இறுக்கவில்லை. ரேடியோவில் ஸ்டேஷன் பிடிப்பதுபோல் அந்தப் பக்கம் கொஞ்சம், இந்தப் பக்கம் கொஞ்சம் என்று திருகிக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நின்றார். "உக்காந்துருச்சு" என்றார். பிரஸ்ஸில் நாலு கலரும் ஒன்றின் மேல் ஒன்று விழும்போது சொல்லும் அதே சொல். அந்த இடத்தில் லென்ஸுக்கும் ஃப்ரேமுக்கும் சேர்த்துப் பேனாவால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டு கடைக்குப் போனார். கடைக்காரர் மெஷினில் வைத்துப் பார்த்து 90 என்றாராம். சிலிண்டர் லென்ஸ் வட்ட ஃப்ரேமில் திரும்பினால் பவர் கெட்டுப்போகும். 30 டிகிரி திரும்பினால் போட்டும் போடாதது மாதிரி, நேர்க்குறுக்கே திரும்பினால் குறை இரண்டு மடங்கு. அதற்குப் பிறகு அவர் சதுர ஃப்ரேமுக்கு மாறினார், வேண்டாவெறுப்பாக.

ஆனால் சித்தப்பா போட்ட விதை முளைத்துவிட்டது. ஆபரேஷன் சரியில்லை, அதனால்தான் வருஷத்துக்கு வருஷம் பவர் மாறுகிறது என்று சொந்தக்காரர்கள் பேச ஆரம்பித்தார்கள். இடது கண்ணிலும் புரை வளர்ந்துகொண்டிருந்தது. அப்பா அதைத் தொடவிடவில்லை. நான் கோபப்பட்டேன். "ஒரு கண்ணு ரிஜிஸ்டர் அவுட்டு, ஒரு கண்ணு மஞ்சள் தூக்கல். ரெண்டையும் வச்சு ஓட்டிக்கிடுதேன்" என்றார். ஐந்தாறு வருஷம் அப்படியே போயிற்று. அந்த வருஷங்களில் அவரைப் பிடிவாதக்காரர் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. அவர் பார்த்ததை அளந்து எழுதி வைத்திருந்தார். நாங்கள் யாரும் அந்தப் பென்சில் எழுத்தை எந்த டாக்டரிடமும் எடுத்துப் போகவில்லை.

2002இல் மதுரைக்கு வேறொரு டாக்டரிடம் போனோம். அங்கே கண்ணைச் சோதித்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருந்தால் அதிகம். மேஜைமேல் ஒரு கருவி. அப்பா தாடையை வைத்துக்கொண்டார், அந்தப் பெண் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்துக் குமிழ்களைத் திருப்பி எண்களை எழுதினாள். கெரட்டோமீட்டர். அப்பா எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டுவிட்டு, "தாயி, நீ பாக்கிறத நான் ஒரு தடவ பாக்கலாமா?" என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூட்டமும் குறைவு. என்னை அந்தப் பக்கம் உட்காரவைத்தாள், அப்பாவை இந்தப் பக்கம்.

அதற்குள் என்ன தெரியும் என்பதைப் பிறகு நானும் பார்த்தேன். கருவிழியின் மேல் விழும் வட்டங்களின் பிரதிபலிப்பு. வட்டத்தின் இரண்டு பக்கமும் கூட்டல் குறி, மேலும் கீழும் கழித்தல் குறி. ஒரு குமிழைத் திருப்பிக் கூட்டலைக் கூட்டலின் மேல் உட்காரவைக்க வேண்டும், அது பக்கவாட்டு வளைவு. இன்னொரு குமிழால் கழித்தலைக் கழித்தலின் மேல், அது மேல் கீழ் வளைவு. அப்பா கண்ணை வைத்தவர் ஒரு நிமிஷம் அசையவில்லை. பிறகு அவர் கை தானாகக் குமிழுக்குப் போனது.

"ஏய்யா, இது ரிஜிஸ்டர் மார்க்குல்ல!"

அந்தப் பெண் எட்டி எண்ணைப் பார்த்தாள். "43.50, 43.25. சரியா வச்சுட்டீங்களே, ஐயா" என்றாள். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அப்பாவின் வலது கண் எண்களை டாக்டரம்மா காட்டினார். மேல் கீழ் 42, பக்கவாட்டில் 44 சொச்சம். அப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். சுவரில் இருந்ததையெல்லாம் பார்த்து எழுதிக்கொண்டு வந்திருக்கிறார், எனக்குத் தெரியாமல். டாக்டரம்மா அதைப் படித்துவிட்டு நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு பேசினார்.

அவர் சொன்னதன் சாரம் இது. இளவயதில் நிறையப் பேருக்கு மேல் கீழ் வளைவு கொஞ்சம் கூடுதலாக இருக்கும். மேலிமை அழுத்துவதை ஒரு காரணமாகச் சொல்வார்கள். வயதாக ஆக அந்த வளைவு தட்டையாகி, பக்கவாட்டு வளைவு தலைதூக்கும். ஆபரேஷன் செய்யாத கண்ணிலும் இது நடக்கும். இப்போது கண்ணில் எங்கே வெட்டினாலும், வெட்டின திசையில் வளைவு தட்டையாகும். மேலே பெரிதாக வெட்டித் தைத்தால், தையல் இறுக்கமாக இருக்கும்வரை எதிர்ப்பக்கம் காட்டும், அதுதான் தாடி. தையல் தளர்ந்து நைந்த பிறகு வடு மெல்ல மெல்லக் கொடுத்துக்கொண்டே போகும். சில கண்ணில் பல வருஷம். வயது எந்தப் பக்கம் இழுக்கிறதோ அதே பக்கம்தான் வடுவும் இழுத்திருக்கிறது.

"அப்ப அவங்க செஞ்சது தப்பில்லையா?"

"அன்னைக்கு எல்லாருமே அப்படித்தான் செஞ்சோம், ஐயா. நானும்."

இடது கண்ணுக்கு வெட்டு எங்கே என்று அப்பா கேட்டார். காதோரப் பக்கம், 6 மில்லிமீட்டர், தையல் இல்லை என்றார். வெள்ளைவிழியில் தொடங்கிச் சாய்வாகச் சுரங்கம் மாதிரிப் போய்க் கருவிழிக்குள் திறக்கும், உள்ளிருக்கும் அழுத்தமே கதவைச் சாத்திக்கொள்ளும். பக்கத்தில் வெட்டுவதால் பக்கவாட்டு வளைவு கொஞ்சம் குறையும், வயது இழுப்பதற்கு எதிராக ஒரு சின்னப் பிடி. அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, "மூட்ட வாயத் தைக்காம மடிச்சு விட்டாப்ல" என்றார். டாக்டரம்மா விருதுநகர்ப் பக்கம் இல்லை போலும், புரியாமல் என்னைப் பார்த்தார்.

இடது கண்ணுக்கு ஒரு வருஷம் கண்ணாடியே வேண்டியிருக்கவில்லை. பிறகு அரை வந்தது, கடைசியில் முக்கால். ஆக்ஸிஸ் 90தான். வலது கண் இரண்டைத் தாண்டி நின்றது. சுவரில் இப்போது இரண்டு பத்தி பென்சில் எழுத்து: வ, இ.

தன் கண்ணைத் தானே இப்படி விடாமல் அளந்த இன்னொருவரைப் பற்றிப் பிற்பாடு படித்தேன். ஜார்ஜ் ஏரி, இங்கிலாந்தின் அரச வானியலாளராக 1835இலிருந்து 1881வரை இருந்தவர். கேம்பிரிட்ஜில் இளைஞராக இருந்தபோது, படிக்கையில் தன் இடது கண் வேலையே செய்வதில்லை என்று கவனித்தார். அட்டையில் ஊசித் துளை போட்டு அதன் வழியாக ஒளியைப் பார்த்தார். தூரத்தை மாற்றினால் புள்ளி ஒரு தடவை ஒரு பக்கமாகக் கோடானது, இன்னொரு தடவை அதற்குக் குறுக்காக. அந்த இரண்டு தூரத்தையும் அளந்து கணக்குப் போட்டு, உருளை வடிவில் லென்ஸ் தேய்க்கச் சொல்லி, 1825இல் தன் கண்ணைத் தானே சரிசெய்துகொண்டார். இந்தக் குறைக்குச் சிலிண்டர் கண்ணாடி போட்ட கதை அங்கேதான் தொடங்குகிறது. எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்ததுதான். அவர் அளப்பதை நிறுத்தவில்லை. பல பத்தாண்டுகள் கழித்தும் அதே கண்ணைத் திரும்பத் திரும்ப அளந்து, மாறியிருப்பதை எழுதிவைத்தார். அப்பாவிடம் இதைச் சொல்ல முடியவில்லை. 2014இல் போய்விட்டார். சொல்லியிருந்தால், "அவருக்கும் வேற வேலை இல்ல போல" என்றிருப்பார்.

ஜப்பானில் தையலில்லாமல் சின்ன வெட்டில் புரை எடுத்தவர்களைப் பத்து வருஷம் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். ஆறின பிறகும் அந்தக் கருவிழிகள் மீசைப் பக்கமாகவே மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தன, ஆபரேஷனே செய்யாத கண்கள் நகர்ந்த அதே வேகத்தில். ஆக, வெட்டு சின்னதானால் கத்தியின் பங்கு ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போகிறது, வயதின் பங்கு நிற்கிறது. சித்தப்பா இருந்தால் படித்துக் காட்டலாம்.

என் முறை 2022இல் வந்தது. அறுபது வயது. புரையைக் கரைத்து உறிஞ்சுகிற முறை, வெட்டு 3 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆபரேஷனுக்கு முன்பே அளந்துவிட்டு, ஒன்றரை சிலிண்டர் இருக்கிறது, அதுவும் 90இல், அதையும் சேர்த்துச் சரிசெய்கிற லென்ஸ் வைக்கலாம் என்றார்கள். டோரிக் லென்ஸ். வட்ட ஃப்ரேம் தொல்லை கண்ணுக்குள்ளேயே. சரியான கோணத்தில் உட்கார வேண்டும், ஒரு டிகிரி தப்பினால் பலனில் சுமார் 3 சதவீதம் போய்விடும்.

ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும் முன்னால் டாக்டர் என்னை நேராக உட்காரச் சொன்னார். படுத்தால் கண் லேசாகச் சுழலும், அதனால் உட்கார்ந்திருக்கும்போதே குறி வைக்க வேண்டுமாம். மருந்து விட்டு மரத்துப்போன கண்ணின் விளிம்பில், இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று நீல மையில் சின்னக் கோடு வைத்தார். லென்ஸிலும் புள்ளிகள் இருக்கின்றன, இந்தக் குறியிலிருந்து கோணம் எடுத்து அந்தப் புள்ளிகளை அதன் மேல் கொண்டுவந்து நிறுத்துவோம் என்றார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. மை வைத்த கண்ணில் தண்ணீர் வரக் கூடாதே என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேஜையில் படுத்திருக்கும்போது மேலே வெளிச்சம் மட்டும்தான். பேச்சுக் காதில் விழும். ஒரு கட்டத்தில் டாக்டர் பக்கத்தில் இருந்தவரிடம், "கொஞ்சம்… இன்னும் கொஞ்சம்… ம், போதும்" என்றார்.

வீட்டுக்கு வந்து ஒரு வாரத்தில் சுவரைப் பார்த்தேன். தாள் பழுத்துப்போயிருந்தது, கூட்டல் குறி மட்டும் கறுப்பாகவே இருந்தது. இரண்டு கோடும் தெளிவு. பென்சில் எழுத்தில் அப்பாவின் "அவுட்" எல்லாவற்றிலும் ட்-க்குப் புள்ளி இல்லாமல் "அவுட" என்றே இருப்பதை அப்போதுதான் கவனித்தேன். புள்ளி அவர் கண்ணுக்குத் தெரியவில்லையா, அவசரமா என்று சொல்ல முடியவில்லை.

போன புரட்டாசியில் மூன்று வருஷச் சோதனைக்குப் போனேன். மருந்து விட்டு உள்ளே பார்த்த டாக்டர், லென்ஸ் வைத்த இடத்திலேயே இருக்கிறது, ஒரு டிகிரிகூடத் திரும்பவில்லை என்றார். அடுத்த அறையில் கண்ணாடிப் பவர் பார்க்கிற பையன் ஒவ்வொரு சில்லாகப் போட்டுப் பார்த்துவிட்டு எழுதினான். எட்டிப் பார்த்தேன். மைனஸ் அரை, ஆக்ஸிஸ் 90.

"சின்னதுதான் சார். போட்டா நைட்டு லைட்டு எல்லாம் இன்னும் ஷார்ப்பா தெரியும். எழுதட்டுமா?"

"தீபாவளி முடியட்டும், தம்பி."